தெருக்கூத்தை யூடியூபுக்குக் கொண்டுசெல்வது எப்படி? கூத்துக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி முதல் ஆடி வரை திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்துகளுக்கு இன்று இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, பந்தலுக்கு முன் பாய் விரித்து விடியும்வரை உட்கார்ந்திருக்கும் கூட்டம். மற்றொன்று, பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டு, ஊர்க் கூத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். முன்பு ஒலிநாடாவிலும் பிறகு குறுந்தகட்டிலும் விற்ற கூத்து, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையச் செலவு சரிந்தபின் முழுமையாக யூடியூபுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆனால் அங்கே இருக்கும் கூத்துக் காணொளிகளில் பெரும்பகுதி, ஆடிய குழுவின் கையில் இல்லை. ஊரில் கேமரா வைத்திருந்த யாரோ ஒருவருடைய சேனலில் இருக்கிறது. வேடம் கட்டியவர் பெயர்கூடப் பல காணொளிகளில் காணப்படுவதில்லை.

இந்த வழிகாட்டி, தங்கள் கூத்தைத் தாங்களே பதிவுசெய்து தங்கள் பெயரிலேயே வெளியிட விரும்பும் வாத்தியார்களுக்கும் (கூத்துக் குழுவை நடத்தும் ஆசான்கள்), அவர்களுக்கு உதவ முன்வரும் இளைஞர்களுக்குமானது. விலையுயர்ந்த கருவிகள் இதற்குத் தேவையில்லை. முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்தான் அதிகம்.

சேனல் யார் பெயரில்?

கேமராவைப் பற்றி யோசிக்கும் முன்பு இதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். குழுவுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்குங்கள். அதோடு இணைக்கும் கைபேசி எண் குழுத் தலைவருடையதாகவோ, குழுவில் நிரந்தரமாக இருக்கும் ஒருவருடையதாகவோ இருக்கட்டும். கணக்கைத் தொடங்க உதவிய கடைக்காரருடைய எண்ணையோ, கல்லூரி விடுமுறையில் வந்த பையனுடைய எண்ணையோ கொடுத்துவிட்டால், பின்னாளில் கடவுச்சொல் மறந்துபோகும் அன்று கணக்கு கைவிட்டுப் போய்விடும். இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்கிவையுங்கள். காணொளி ஏற்றும் வேலையை வேறொருவர் செய்கிறார் என்றால், கடவுச்சொல்லை அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் ‘அனுமதிகள்’ என்ற பகுதிக்குச் சென்று, அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து, மேலாளர் என்றோ தொகுப்பாளர் என்றோ பொறுப்புக் கொடுக்கலாம். அவர் விலகும்போது அந்தப் பொறுப்பை நீக்கினால் போதும்.

கணக்கைத் தொடங்கிய உடனேயே கைபேசி எண்ணால் சரிபார்த்துவிடுங்கள். சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்ற முடியாது. சரிபார்த்த கணக்கில் ஒரே காணொளி 12 மணி நேரம் வரை இருக்கலாம் என்பதால், இரவு முழுவதும் நடக்கும் கூத்தையும் வெட்டாமல் ஏற்ற முடியும்.

அடுத்து, காகிதம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகிய எவருக்கும் தம் நிகழ்த்துதலை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவுசெய்யும் உரிமை அவருக்கே உரியது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி பதிவைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். அதே சட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காட்சிப் பதிவில் தம் நிகழ்த்துதலைச் சேர்க்க ஒருவர் எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதைப் பிறகு அவர் தடுக்க முடியாது, வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகை கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ஆகவே யார் எந்தத் தாளை நீட்டினாலும், படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

குழுவுக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் போதும். பதிவின் உரிமை குழுவுக்கு உரியது, வருமானத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது, ஒருவர் குழுவைவிட்டுப் போனால் பழைய காணொளிகளில் அவருடைய பங்கு என்ன ஆகும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேடக்காரர்களோடு, பின்பாட்டுக்காரர்கள், முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளக் கலைஞர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். சிறுவர்கள் வேடம் கட்டினால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. வெளியிலிருந்து படம்பிடிக்க வருகிறவரிடமும் அதே நிபந்தனையை எழுதி வாங்குங்கள்: காணொளி முதலில் குழுவின் சேனலில்தான் வரும், அவர் தம் சேனலில் போடுவதானால் குழுவின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் தொடர்பு எண்ணும் இடம்பெற வேண்டும், மூலப் பதிவின் ஒரு படியைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். கூத்தை ஒப்புக்கொண்டு தாம்பூலம் மாற்றும்போதே ஊர்ப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டால், திருவிழா இரவில் வாக்குவாதம் வராது.

ஒலிதான் கூத்து

படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். வசனமும் தருவும் (கூத்துப் பாடல்) காதில் விழாவிட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே வேறு காணொளிக்குப் போய்விடுவார்கள். கைபேசியின் உள்ளே இருக்கும் மைக், கூம்பு ஒலிபெருக்கியின் அலறலையும் கூட்டத்தின் பேச்சையும் சேர்த்துப் பிடித்து, முகவீணையைக் கூர்மையான கீச்சாக மாற்றிவிடும். ஆகவே பணம் செலவழிப்பதானால் முதலில் ஒலிக்கே செலவழியுங்கள். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலான ஊர்களில் பந்தலின் குறுக்குக் கழியிலிருந்து இரண்டு மூன்று மைக்குகள் தொங்கும். பின்பாட்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் அருகில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இவை அனைத்தும் மைக் செட்காரருடைய மிக்சருக்குப் போகின்றன. அந்த மிக்சரில் பதிவுக்கென்று ஒரு வெளியீட்டுத் துளை இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியை எடுத்து உங்கள் பதிவுக் கருவியில் கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்கும்போது கருவியின் உள்ளீட்டை ‘லைன்’ என்ற நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். ‘மைக்’ நிலையிலேயே விட்டால், மிக்சரிலிருந்து வரும் வலுவான ஒலி உடைந்து கரகரப்பாகப் பதியும். பின்னர் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கைபேசியில் நேரடியாகச் செருகினாலும் இதே சிக்கல்தான் வரும் என்பதால், இடையில் ஒரு சிறிய யூஎஸ்பி ஆடியோ இண்டர்ஃபேஸ் வேண்டும். பதிவுக் கருவியை ஜெனரேட்டர் மின்சாரத்தில் போடாமல் பேட்டரியிலோ பவர் பேங்கிலோ இயக்கினால், அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ரீங்காரம் பெரும்பாலும் நின்றுவிடும்.

மிக்சர் ஒலி மட்டும் போதாது. ஆடுபவர் மைக்கை விட்டு நகர்ந்தால் அவருடைய குரல் தேய்ந்துபோகும், சலங்கை ஒலி அறவே கேட்காது, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வசனத்துக்குக் கூட்டம் சிரிப்பதும் பதியாது. ஆகவே இரண்டாவது மைக் ஒன்றை ஆடுகளத்திலிருந்து ஏறத்தாழ பத்தடி தூரத்தில், கூம்பு ஒலிபெருக்கியின் முகத்துக்கு நேராக இல்லாமல் வையுங்கள். இரண்டு பதிவுகளையும் பின்னர் கலக்கும்போது குரலுக்கு மிக்சரையும், சலங்கைக்கும் சூழலுக்கும் இரண்டாவது மைக்கையும் பயன்படுத்தலாம்.

ஒலி அளவைச் சரிபார்க்க நமக்கு இயல்பாகவே ஒரு நேரம் வாய்த்திருக்கிறது. களரி கட்டும்போது, அதாவது கூத்தின் தொடக்க இசையின்போது, எல்லா இசைக்கருவிகளும் ஒன்றாக, முழு வேகத்தில் முழங்கும். இரவில் அதைவிடப் பெரிய ஒலி அநேகமாக வராது. அப்போது கருவியின் அளவுமானியைப் பார்த்து, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வைத்துவிடுங்கள். பிறகு விடியும்வரை அதைத் தொட வேண்டாம். தானாக ஒலியளவை மாற்றும் வசதியையும் இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இப்போது கைபேசிகளிலும் தொகுப்புச் செயலிகளிலும் வரும் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கிகள் பெரும்பாலும் மனிதப் பேச்சுக்காகப் பழக்கப்பட்டவை. அவை முகவீணையையும் தாளத்தையும் இரைச்சலாக எண்ணி விழுங்கிவிடுகின்றன. ஒருமுறை இயக்கிப் பார்த்து ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு உடனே தெரியும்.

படம்

ஒரு கேமராவை முக்காலியில் பொருத்தி, ஆடுகளம் முழுவதும், குறிப்பாக ஆடுபவரின் பாதங்கள், எப்போதும் தெரியும்படி நிலையாக வைத்துவிடுங்கள். முகத்தை மட்டும் காட்டும் படத்தில் அடவு தெரியாது. அடவு தெரியாவிட்டால் நாளைக்குக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைக்கு அந்தக் காணொளியால் பயனில்லை. இரண்டாவது கைபேசி இருந்தால் அருகிலிருந்து முகபாவங்களை எடுக்கலாம். முக்காலியை, முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் பார்வையை மறைக்காத இடத்தில் போடுங்கள். கூத்து அவர்களுக்காகவே நடக்கிறது.

கட்டைகள் எனப்படும் மர அணிகளிலும் தோளணியான புஜக்கீர்த்தியிலும் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னும்போது, கைபேசி ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். அரிதாரம் பூசிய முகம் வெளுத்தும் கறுத்தும் மாறிமாறித் தெரிவது இதனால்தான். முதல் வேடம் திரைக்கு வெளியே வந்ததும், முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிடுங்கள். படத்தில் விளக்கு துடிப்பதுபோல் கோடுகள் ஓடினால், ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு நொடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது பொருந்தும். விடியற்காலையில் வானம் வெளுக்கத் தொடங்கும்போது மட்டும் பூட்டைத் திறந்து மீண்டும் அமைக்க வேண்டும்.

1080 அளவில் எடுக்கும் காணொளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 60 ஜிபியை ஒட்டி இடம் வேண்டும். காலியான மெமரி கார்டோடும் முழுதாக மின்னேற்றிய இரண்டு பவர் பேங்குகளோடும் போங்கள். ஒவ்வொரு வேடம் திரைக்கு வரும்போதும் பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்கி, கேமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் சேரும்படி ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். பல மணி நேரம் ஓடும் இரு கருவிகளின் நேரம் மெல்ல மெல்ல விலகும் என்பதால், இந்தக் கைதட்டல்கள்தான் தொகுப்பின்போது ஒலியையும் படத்தையும் இணைக்க உதவும்.

துரியோதனன் வீழ்வதை நடத்திக்காட்டும் படுகளத்தன்று காலையில் அருள் வந்து ஆடுகிற பெண்களை அருகில் சென்று படம்பிடிக்காதீர்கள். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டிருக்க முடியாது. அந்த முகங்கள் இணையத்தில் கேலிக்கு ஆளாவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. தூரத்திலிருந்து எடுத்த பொதுக்காட்சி போதும்.

நேரலை வேண்டுமா?

ஊர்க்காரர்கள் கேட்பார்கள். இருந்தாலும், முதல் பருவத்தில் பதிவுசெய்து வெளியிடுவதே நல்லது என்பது என் கருத்து. திருவிழா இரவில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், மாலையில் நன்றாக இருந்த இணையம் இரவு பத்து மணிக்குத் திணறும். 720 அளவில் நொடிக்கு இரண்டரை மெகாபிட் வீதம் அனுப்பினாலும், எட்டு மணி நேரத்துக்கு 9 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் கட்டியங்காரன் வந்துபோவதற்குள் தீர்ந்துவிடும். இவற்றுக்கு ஏற்பாடு செய்ய முடிந்தால் நேரலை செய்யலாம். நேரலை வசதியை முதன்முறை இயக்கிய பிறகு 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்பதால், கூத்துக்கு இரண்டு நாள் முன்பே அதைச் செய்துவிடுங்கள். கைபேசிச் செயலியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலை தானாகவே சேனலில் சேமிக்கப்படும், ஆயினும் தனிப் பதிவு ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

நேரலையில் எதிர்பாராத இடைஞ்சல் ஒன்று வரும். கூத்து தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் மைக் செட்காரர் போடும் அம்மன் பாடல்கள் பெரும்பாலும் ஏதாவது ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தமானவை. யூடியூபின் தானியங்கி அடையாளமுறை அவற்றை உடனே கண்டுபிடித்து, நேரலையையே நிறுத்திவைக்கக்கூடும். களரி கட்டத் தொடங்கிய பிறகு நேரலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இடைவேளையில் ஒலியை அணைத்துவையுங்கள்.

கூத்துக்குள்ளேயே கட்டியங்காரன் திரைப்பட மெட்டில் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பகுதிக்கு உரிமைக்கோரல் வந்தால் பதற வேண்டாம். உரிமைக்கோரல் வேறு, எச்சரிக்கை (ஸ்ட்ரைக்) வேறு. முன்னதில் அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம் அல்லது காணொளி சில இடங்களில் தடுக்கப்படலாம். சேனலுக்கு ஆபத்து இல்லை. பின்னது, 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலையே இழக்க நேரும். எட்டு மணி நேரக் காணொளியின் வருமானம் இரண்டு நிமிடப் பாட்டுக்காக முழுவதுமாகக் கைமாறுவதைத் தவிர்க்க, அந்தப் பகுதியை யூடியூப் ஸ்டுடியோவிலேயே வெட்டியெடுக்கலாம் அல்லது ஒலியை மட்டும் நீக்கலாம். மரபான தருவுக்கும் விருத்தத்துக்கும் யாராவது உரிமை கோரினால், அது உங்கள் குழு பாடியது என்று விளக்கி மறுப்புப் பதிவுசெய்யுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் கோரிக்கை தானாக விலகிவிடும்.

தலைப்பு, அத்தியாயம், துண்டுகள்

தேடுகிறவர்கள் கூத்தின் பெயரையும் ஊரின் பெயரையும்தான் தட்டச்சு செய்கிறார்கள். ‘கர்ண மோட்சம்’ என்று கூத்தின் பெயர், அடுத்து குழுவின் பெயர், அடுத்து ஊரும் ஆண்டும் என்ற வரிசையில் தலைப்பை வைத்தால் போதும். வியப்புக்குறிகளும் ‘மிஸ் பண்ணாதீங்க’ என்ற கூச்சலும் கூத்துக்கு வேண்டியதில்லை. விளக்கப் பகுதியில், எந்த வேடத்தை யார் கட்டினார், எந்தக் கருவியை யார் வாசித்தார் என்பதை ஒருவர் விடாமல் எழுதுங்கள். அதே இடத்தில் நேரக்குறிப்புகளையும் வரிசையாகத் தாருங்கள்: 0:00 களரி, பின்பு கட்டியங்காரன் வருகை, துரியோதனன் திரை, பொன்னுருவி தர்க்கம் என்று. முதல் குறிப்பு 0:00 என்றே தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள் இருந்தால், யூடியூப் அவற்றை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். எட்டு மணி நேரக் காணொளியில் தனக்கு வேண்டிய இடத்துக்கு ஒருவர் நேராகப் போய்ச்சேர இதைவிட எளிய வழி கிடையாது.

2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபின், குறுங்காணொளிகளின் கூட்டம் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நகர்ந்தது. புதிய பார்வையாளர்கள் இன்று பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். 2024 அக்டோபர் முதல் ஒரு ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை நீளலாம் என்பதால், ஒரு முழுத் தருவையோ ஒரு திரை வருகையையோ குறைக்காமல் கொடுக்க முடிகிறது. எந்தத் துண்டை வெட்டுவது என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. கட்டியங்காரனுடைய இரட்டை அர்த்த வசனங்கள் மிக வேகமாகப் பரவும். அவற்றை மட்டுமே வெட்டிப் போட்டால், கூத்தென்றால் அதுதான் என்று பார்க்காதவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள், அடுத்த ஆண்டு ஊர்க்காரர்களும் அதையே அதிகம் கேட்பார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் நகர மேடைகளுக்குக் கூத்தைக் கொண்டுசென்றபோது, எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் கூத்தறிந்த வாத்தியார்களே. கைபேசித் திரைக்காக வெட்டும்போதும் அந்தத் தீர்மானம் வாத்தியாரிடமே இருக்க வேண்டும். தொகுக்கும் இளைஞர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டட்டும். 1080 அளவுக் கிடைமட்டப் படத்திலிருந்து செங்குத்துத் துண்டை எடுத்தால் அகலம் 600 புள்ளிகளை ஒட்டியே மிஞ்சும் என்பதால், துண்டு எடுக்க நினைக்கும் பகுதிகளை இரண்டாவது கைபேசியில் செங்குத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டோடும் முழுக் கூத்தின் காணொளியை ‘தொடர்புடைய காணொளி’யாக இணையுங்கள்.

வருமானம்

விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கூத்துக்குப் பார்வை நேரம் விரைவில் சேர்ந்துவிடும்: இரண்டாயிரம் பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால் போதும். சந்தாதாரர்கள்தான் மெதுவாக வருவார்கள். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்குக் கிடைக்கும், ஷார்ட்ஸில் 45 சதவீதம். இந்தப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஒரு குறியீட்டு எண் வரும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். வரி விவரப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் தேவையில்லாத பிடித்தம் வரும்.

இந்தத் தொகையை நம்பி யாரும் வேறு வேலையை விட வேண்டாம். சேனலால் கிடைக்கும் பெரிய வருமானம், அடுத்த பருவத்துக்கு வரும் தாம்பூலங்களே. அதற்காகவே சேனல் முகப்பிலும் ஒவ்வொரு காணொளியின் விளக்கத்திலும் முதல் வரியாகக் குழுவின் ஊரையும் தொடர்பு எண்ணையும் கொடுங்கள். அன்பளிப்பு வழங்குகிறவர் பெயரைக் கட்டியங்காரன் மைக்கில் சொல்வது நம் வழக்கம். வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களும் அதைச் செய்யும்படி, குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்த யூபிஐ கியூஆர் குறியீட்டைத் திரையின் மூலையில் வைக்கலாம். அந்தக் கணக்கு தனிநபருடையதாக இருந்தால், வரவு விவரத்தை மாதம் ஒருமுறை எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும்.

மூலப் பதிவு

யூடியூபில் இருப்பது சுருக்கப்பட்ட படி. சேனல் ஏதோ காரணத்தால் போய்விட்டால் அதுவும் போய்விடும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் சுமார் 15 இரவுகளின் பதிவு அடங்கும். இரண்டு வாங்கி, ஒரே பதிவை இரண்டிலும் நகலெடுத்து, ஒன்றை வாத்தியார் வீட்டிலும் மற்றதை வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் வீட்டிலும் வையுங்கள். ஒவ்வொரு கோப்புறைக்கும் தேதி, ஊர், கூத்தின் பெயர் என்ற வரிசையில் பெயரிட்டு, அதற்குள் அன்று வேடம் கட்டியவர்களின் பட்டியலை ஒரு சிறு கோப்பாகச் சேருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில் ஒத்திகை தொடங்கும்போது, இரண்டு டிஸ்குகளையும் கணினியில் இணைத்துத் திறந்து பாருங்கள். ஒன்றில் கோப்பு திறக்க மறுத்தால், மற்றதிலிருந்து உடனே புதிய டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள்.